மாசியில் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இங்கிலீஷ் பேச

இலக்கணம் தப்பினால் ஆக்லாந்தின் மேற்குப் பக்கத்து மாசியில் யாரும் முகம் சுளிப்பதில்லை. "ஹீ டோண்ட் நோ" என்று சொல்லிப் பாருங்கள், வெஸ்ட்கேட் கடைகளில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். வில்லங்கமெல்லாம் வினைச்சொல்லில்தான். லீவு கேட்கப் போனவரை வேலையை விடப்போகிறவர் என்று எடுத்துக்கொள்வார்கள். பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்த சாமான் அன்பளிப்பாகிவிடும். பிள்ளை வகுப்பில் சொன்ன ஒரு சொல்லுக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும்.

இங்கிலீஷ் தெரியாதவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாதவர் நிதானமாகப் பேசுவார், கையைக் காட்டுவார், திரும்பக் கேட்பார். மாட்டுகிறவர்கள் ஐஈஎல்டிஎஸ்ஸில் 6.5 வாங்கி ரெசிடென்ஸுக்கு விண்ணப்பித்தவர்கள். சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ வருஷக்கணக்காக ஆபீஸ் இங்கிலீஷில் புழங்கியவர்கள். அந்தப் பரீட்சையில் இதெல்லாம் கேள்வியாக வராது. நம் ஆபீஸ் இங்கிலீஷில் சில வினைகளுக்கு நாமே ஒரு பொருள் வைத்துக்கொண்டோம், அது இந்த ஊரில் செல்லாது. கூடவே தமிழில் கேள், வை, விடு, அடி என்று ஒரே சொல் நாலு வேலை பார்க்கும்; இங்கிலீஷில் அந்த நாலுக்கும் நாலு சொல். கீழே இருப்பதில் உங்கள் வாயில் தினமும் வருவது எது என்று பார்த்து, அதை இன்றைக்கே மாற்றுங்கள்.

செய்ய வேண்டியவை

- "ஐ லிவ் இன் மாசி" என்று சொல்லுங்கள்; 'லி' குறில். 'ஸ்டே' என்றால் விருந்துக்கு வந்தவர் போலச் சில நாள் தங்குவது. வீட்டு ஏஜெண்டிடமும் பேங்க்கிலும் அந்தச் சொல் உங்களுக்கு உதவாது. குறிலை நெடிலாக்கி 'லீவிங்' என்றால் ஊரையே காலி செய்கிறீர்கள். இன்னொன்று, "ஐ ஆம் அட் மாசி" என்றால் மாசி யுனிவர்சிட்டியில் படிக்கிறீர்கள் என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுவார். 1912 முதல் 1925 வரை பிரதமராக இருந்த வில்லியம் மாசியின் பெயர்தான் இரண்டுக்கும். ஆனால் யுனிவர்சிட்டியின் ஆக்லாந்து வளாகம் ஆல்பனியில் இருக்கிறது, நம் டான் பக் ரோட்டில் இல்லை.

- 'பாரோ', 'லெண்ட்' இரண்டில் ஒன்றைச் சொல்லும் முன் வாங்கு, கொடு என்று மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். வாங்குபவர் செய்வது பாரோ, கொடுப்பவர் செய்வது லெண்ட். பக்கத்து வீட்டு ஏணிக்கு "கேன் யூ பாரோ மீ" என்று கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். ஹோம் லோன் பேப்பரில் அந்தச் சலுகை கிடையாது: 'பாரோயர்' நீங்கள், 'லெண்டர்' பேங்க்.

- 'ரெண்ட்' என்று சொன்னால் எடுப்பவரா, கொடுப்பவரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சொல் இரண்டு பக்கமும் பேசும். 'லெட்' என்றால் வாடகைக்கு விடுவது மட்டும். டிரெய்லர், ஹால், பிறந்தநாள் நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் 'ஹையர்'.

- வீட்டை விடுவதாக இருந்தால் எழுத்தில் 'கிவ் நோட்டீஸ்' செய்யுங்கள். "வீ ஆர் வெகேட்டிங் சூன்" என்று வாசலில் நின்று சொன்னது கணக்கில் வராது. வெகேட் என்பது சாவியைத் திருப்பித் தரும் நாள். நோட்டீஸ் அதற்கு முன்னாலேயே போயிருக்க வேண்டும். முடிவுத் தேதி இல்லாத வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் தர வேண்டியது 21 நாள், 2025 ஜனவரி 30 முதல். முடிவுத் தேதி போட்ட ஒப்பந்தமானால் நோட்டீஸ் கொடுத்து மட்டும் நடுவில் வெளியே வர முடியாது. வீட்டுக்காரரோடு பேசித்தான் ஆக வேண்டும்.

- பாண்ட் (வீட்டு அட்வான்ஸ்) பணம் கொடுத்த கையோடு "ஹேவ் யூ லாட்ஜ்டு இட்?" என்று கேளுங்கள். நீங்கள் 'பே' பண்ணிவிட்டதால் வேலை முடிந்துவிடவில்லை. நம் ஊரில் லாட்ஜ் என்றால் ரூம் போடும் இடம். இங்கே அது ஒரு வினை, அரசாங்கத்திடம் முறைப்படி ஒப்படைப்பது. வீட்டுக்காரர் பாண்ட்டைப் பெற்ற 23 வேலை நாளுக்குள் டெனன்சி சர்வீசஸிடம் லாட்ஜ் செய்தாக வேண்டும். வீட்டுக்கான பாண்ட் நாலு வார வாடகைக்கு மேல் போகவும் கூடாது. "ஐ ஹேவ் கெப்ட் இட் சேஃப்" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். கெப்ட் வேறு, லாட்ஜ்டு வேறு.

- பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினையைத் தூசு தட்டி எடுங்கள். 'ரைஸ்', 'ரெய்ஸ்' குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். வாடகை ஏறுகிறது, அது ரைஸ். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுகிறார், அது ரெய்ஸ். ஏற்றுகிறவர் 12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், 60 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். ஆகவே "தி ரெண்ட் ஹேஸ் ரிஸன்" என்று மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொல்லாதீர்கள், யார் ஏற்றினார் என்று சொல்லுங்கள். வேலையில் அநியாயம் நடந்தாலும் பர்சனல் கிரீவன்ஸை நீங்கள்தான் 'ரெய்ஸ்' செய்ய வேண்டும், பொதுவாக 90 நாளுக்குள். அது தானாக எழாது. 'லை', 'லே' ஜோடியும் இதே கதைதான்: நீங்கள் படுத்தால் லை, குழந்தையைக் கிடத்தினால் லே. இதை இந்த ஊர்க்காரர்களே போட்டுக் குழப்புவார்கள் என்பதால் ரொம்பக் கவலை வேண்டாம்.

- தமிழில் 'கேள்' வரும் இடத்தில் ஒரு நொடி நின்று, மூன்றில் எது என்று பிரியுங்கள். காதில் விழுந்தால் 'ஹியர்', கவனித்துக் கேட்டால் 'லிசன்', வாய் திறந்து வினவினால் 'ஆஸ்க்'. "என் பையன் சொன்னால் கேட்கமாட்டான்" என்பதை டீச்சரிடம் "ஹீ கான்ட் ஹியர் மீ" என்று சொன்னால் காதைச் சோதிக்கச் சொல்லி அனுப்புவார். "ஹீ டஸின்ட் லிசன்" என்றால் தலையை ஆட்டிவிட்டு, வகுப்பிலும் அப்படித்தான் என்பார்.

- பிள்ளையைப் பள்ளியில் விட்டால் 'டிராப் ஆஃப்', அழைத்து வந்தால் 'பிக் அப்' என்று சொல்லுங்கள். "ஐ லெஃப்ட் மை சன்" என்பதில் நம் 'விட்டேன்' இல்லை, விட்டுவிட்டுப் போனேன் என்பது இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தகுந்த மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாமல் விட்டுப் போவது இங்கே குற்றம். 2000 டாலர் வரை அபராதம் உண்டு. பாட்டியோடு வீட்டில் விட்டு வந்தவர் "ஐ லெஃப்ட் ஹிம் அட் ஹோம்" என்று நிறுத்திவிட்டால் பாட்டி வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறார். பாட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

- டாக்டரிடமும் அவசர எண் 111-லும் சின்ன வினைகளாகப் பேசுங்கள். "மை செஸ்ட் இஸ் பெய்னிங்" என்பதைவிட "மை செஸ்ட் ஹர்ட்ஸ்" சட்டென்று பிடிபடும். மயங்கி விழுந்தால் 'ஃபெயிண்டட்'. வாந்தி எடுத்தால் 'வாமிட்டிங்', நாமும் அதையே சொல்கிறோம், பிரச்சினை இல்லை. பேதிக்கு 'லூஸ் மோஷன்' என்றால் புரியாமல் முழிப்பார்கள், 'டயரியா' என்று சொல்லுங்கள்.

- விருந்துக்கு "பிரிங் எ பிளேட்" என்று அழைப்பு வந்தால் தட்டு நிறைய எதையாவது சமைத்து எடுத்துப் போங்கள். வெறும் தட்டோடு போய் நின்ற புதியவர்களின் கதை இந்த நாட்டில் பழைய ஜோக். நீங்கள் போகும் இடத்துக்குக் கொண்டு வரச் சொல்கிறவர் பார்வையில் அது பிரிங். உங்கள் வீட்டு வாசலில் நின்று மனைவியிடம் சொல்லும்போது டேக். கொண்டு வா, கொண்டு போ என்று தமிழே இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

- எஸ்எச் 16 மோட்டார்வேயில் ஏறும்போது 'கிவ் வே' எங்கே, 'மெர்ஜ்' எங்கே என்று பலகையைப் படியுங்கள். கிவ் வே என்றால் நீங்கள் வழிவிட வேண்டும், தேவைப்பட்டால் நிற்க வேண்டும், அவர் போக வேண்டும். மெர்ஜ் என்றால் அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று. அதனால்தான் "மெர்ஜ் லைக் எ ஸிப்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஸிப்பின் நடுவில் மரியாதைக்கு நின்றுவிடாதீர்கள், பின்னால் வருபவர் அதை எதிர்பார்க்கமாட்டார்.

- காதில் விழுந்த வினை சந்தேகமாக இருந்தால் அதையே திருப்பிச் சொல்லிக் கேளுங்கள். நியூசிலாந்துக்காரர் வாயில் 'எ' கிட்டத்தட்ட 'இ' ஆகிவிடும். அவர் 'செட்' என்பது உங்களுக்கு 'சிட்'. அவர் 'செண்ட்' என்பது உங்களுக்கு 'சிண்ட்'. ஏர்போர்ட்டில் 'செக் இன்' என்பது 'சிக்கன்' ஆவது எல்லோருக்கும் தெரிந்த கதை. 'ஃபியர்', 'ஃபேர்' போன்ற ஜோடிகளைப் பல பேர் ஒன்றுபோலவே சொல்வார்கள். உங்கள் காதில் குறை இல்லை. "சாரி, செட் ஆர் சிட்?" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. தெரியாமலே தலையாட்டுவதுதான் வேலையிடத்தில் காயத்தில் கொண்டு விடும்.

செய்யக்கூடாதவை

- கொஞ்ச நாள் வைத்திருக்கக் கொடுக்கும் பொருளுக்கு "யூ கேன் கீப் இட்" என்று சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்துக்குப் பொருள் 'இனி இது உனக்கு' என்பதுதான். நம்முடைய 'வை' பல வேலை பார்க்கும்: மேசையில் வைப்பது 'புட்', பத்திரமாக வைத்திருப்பது 'லுக் ஆஃப்டர்', உங்களுக்கே வைத்துக்கொள்வதுதான் 'கீப்'. ஊருக்குப் போகும்போது பைக்கையோ இன்ஸ்டன்ட் பாட்டையோ பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறவர்கள் "குட் யூ லுக் ஆஃப்டர் திஸ் டில் ஐ கம் பேக்?" என்று கேளுங்கள். 'டில்' இல்லாமல் வாக்கியத்தை முடிக்காதீர்கள்.

- லீவு வேண்டும் என்பதற்கு "ஐ வாண்ட் டு லீவ் நெக்ஸ்ட் மன்த்" என்று மேனேஜரிடம் சொல்லாதீர்கள். அது ராஜினாமா. லீவு நமக்குப் பெயர்ச்சொல். நாம் அதைப் 'போடுவோம்', 'எடுப்போம்'. அவர்களுக்கு லீவ் என்ற வினை போய்விடுவது. "ஐ உட் லைக் டு டேக் டூ வீக்ஸ் ஆஃப்" என்று கேளுங்கள், பேசிய பிறகு அதையே ஈமெயிலிலும் போட்டுவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் இன்னும் ஜாக்கிரதை: 2023 டிசம்பர் 23 முதல் எந்த முதலாளியும் புது ஆளுக்கு 90 நாள் டிரையல் வைக்கலாம். அந்த நாட்களில் 'லீவ்' என்ற வினையை வாயிலேயே எடுக்காதீர்கள்.

- திட்டு வாங்கியதை "மை பாஸ் ஃபயர்டு மீ" என்று சொல்லாதீர்கள். கேட்பவர் உங்களுக்கு வேலை போய்விட்டது என்று நினைத்துத் துக்கம் விசாரிப்பார். ஏசினார் என்பதற்கு "டோல்ட் மீ ஆஃப்". உண்மையிலேயே வேலை போயிருந்தாலும் எந்த வினை என்று பாருங்கள்: 'டிஸ்மிஸ்டு' என்றால் உங்கள் மேல் குற்றம், 'மேட் ரிடண்டண்ட்' என்றால் அந்த வேலையே இல்லாமல் போனது. அடுத்த இன்டர்வியூவில் இரண்டையும் மாற்றிச் சொல்லி உங்கள் தலையில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

- "ஐ அட்மிட்டட் இன் வைட்டாக்கெரெ ஹாஸ்பிடல்" என்று சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் எதையோ ஒப்புக்கொண்டீர்கள் என்று ஆகும். சேர்க்கப்பட்டால் 'வாஸ் அட்மிட்டட்'.

- கார் மோதிய இடத்தில் அதே 'அட்மிட்' பக்கமே போகாதீர்கள். தப்பு யாருடையது என்று தெருவில் நின்று ஒப்புக்கொள்ளக் கூடாது என்று கார் இன்சூரன்ஸ் பாலிசிகளில் வழக்கமாக எழுதியிருக்கும். காயத்துக்கு ஏசிசி என்ற அரசு விபத்துக் காப்பீடு இருக்கிறது, அது தப்பு யாருடையது என்று பார்ப்பதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். சொல்லும்போது 'ஹிட்' எந்தப் பக்கம் என்பதில் கவனம்: "ஐ ஹிட் ஹிம்" என்பதும் "ஹீ ஹிட் மீ" என்பதும் எதிரும் புதிரும். 'டேஷ்' வேண்டவே வேண்டாம். இங்கே அது ஓடுவது. "ஹீ டேஷ்டு மை கார்" என்றால் போலீஸ்காரருக்கு ஒன்றும் விளங்காது.

- பிள்ளையை "ஐ வில் பீட் யூ" என்று இங்கிலீஷில் செல்லமாகக்கூட மிரட்டாதீர்கள். நம் வீடுகளில் 'அடி வாங்கப்போறே' என்பது பாதி விளையாட்டு. அதைப் பிள்ளை மொழிபெயர்த்து "அம்மா பீட்ஸ் மீ" என்று வகுப்பில் சொன்னால் அதில் விளையாட்டு மிஞ்சாது. பள்ளிக்குக் குழந்தைப் பாதுகாப்பு விதிகள் உண்டு, ஆசிரியர் அதன்படி நடப்பார், நடக்கவும் வேண்டும். திருத்துவதற்காகப் பிள்ளையை அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பு 2007 ஜூன் 21-இல் போய்விட்டது. செஸ்ஸில் தோற்ற கதையானால் "பீட்ஸ் மீ அட் செஸ்" என்று முழுதாகச் சொல்லப் பழக்குங்கள். வீட்டில் அடி நிஜமாகவே விழுகிறது என்றால் மாற்ற வேண்டியது வினைச்சொல்லை அல்ல.

- சந்தேகம் கேட்க 'டவுட்' பயன்படுத்தாதீர்கள். "ஐ டவுட் திஸ் பில்" என்றால் பில்லே பொய் என்கிறீர்கள். "ஐ டவுட் யூ" இன்னும் மோசம், ஆளையே நம்பவில்லை என்பது. "கேன் ஐ ஆஸ்க் எ க்வெஸ்ச்சன்?" போதும்.

- ஈமெயிலில் 'ரிவர்ட்', 'இன்டிமேட்' எழுதாதீர்கள். "ப்ளீஸ் ரிவர்ட்" என்றால் பழைய நிலைக்கே திரும்பச் சொல்கிறீர்கள். பதில் வேண்டுமானால் 'ரிப்ளை'. "கைண்ட்லி இன்டிமேட் மீ" பற்றி விளக்கம் வேண்டாம். அந்தச் சொல் இங்கே படுக்கையறைப் பக்கம் போய்விட்டது, 'லெட் மீ நோ' என்று எழுதுங்கள். மீட்டிங்கை 'ப்ரீபோன்' செய்யாதீர்கள், 'பிரிங் ஃபார்வர்டு' செய்யுங்கள்.

- விளையாட்டு மைதானத்தில் "ஐ ஆம் ரூட்டிங் ஃபார் யூ" என்று கத்தாதீர்கள். அமெரிக்க சினிமாவில் அது உற்சாகம். நியூசிலாந்தில் அந்த வினை பச்சையான கெட்ட வார்த்தை. இங்கே 'சப்போர்ட்', 'சியர்', 'பேக்' எதுவும் செல்லும்.

- இறந்தவரை 'எக்ஸ்பயர்டு' என்றும், படிப்பு முடித்ததைப் 'பாஸ்டு அவுட்' என்றும் சொல்லாதீர்கள். எக்ஸ்பயர் ஆவது பால் பாக்கெட்டும் விசாவும். பாஸ்டு அவுட் என்றால் மயங்கி விழுந்தது, பாஸ்டு அவே என்றால் காலமானது. காலேஜ் முடித்தால் 'கிராஜுவேட்டட்'. சிவியில் "பாஸ்டு அவுட் இன் 2012" என்று இருந்தால் இன்றிரவே மாற்றுங்கள்.

- விடைபெறும்போது "ஐ வில் கம்" என்று சொல்லாதீர்கள். 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போவது நம் மரியாதை. இங்கே வாசலில் நிற்பவர் எப்போது என்று கேட்பார், சிலர் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். "சீ யூ" போதும், அதற்கும் நேரம் குறிக்க வேண்டியதில்லை.

- திருத்த வேண்டாததைத் திருத்தாதீர்கள். 'வீடு ஷிஃப்ட் பண்றோம்' என்பது நம் தமிழ் இங்கிலீஷ் என்று வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்துக்காரரும் வீட்டை 'ஷிஃப்ட்'தான் செய்கிறார். பரீட்சை மட்டும் மாறும்: நாம் 'ரைட்' செய்வதை இங்கே பிள்ளைகள் 'சிட்' செய்கிறார்கள்.

- எழுத்தில் 'சி', 'எஸ்' எதற்கு என்று யோசிக்காமல் போடாதீர்கள். பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. நியூசிலாந்தில் பிரிட்டிஷ் எழுத்துமுறைதான். 'லூஸ்' என்று எழுதும்போது தொலைப்பதற்கு ஒரு 'ஓ', தளர்வுக்கு இரண்டு 'ஓ'. கம்ப்யூட்டர் அமெரிக்க இங்கிலீஷில் இருந்தால் இதில் பாதி அதன் கண்ணில் படாது.

- ஆஸ்பத்திரியில் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். 'பாஸ்டு அவுட்', 'பாஸ்டு அவே' வித்தியாசம் அதற்கும் தெரியாது. தெரிந்தாலும் தாத்தாவின் நோயைச் சொல்லும் வேலை அதனுடையது இல்லை. தேவைப்படும் இடத்தில், முடிந்தவரை, தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பெறுவது 1996-இல் வந்த நோயாளிகளின் உரிமை விதித்தொகுப்பில் ஐந்தாவது உரிமையின் பகுதி. "ஐ நீட் எ டமில் இன்டர்ப்ரிட்டர்" என்று அப்பாயின்ட்மெண்ட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

- கிளினிக்கில் டாக்டரைப் பார்த்ததையே 'என்ரோல்' ஆனது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். 'சீ எ டாக்டர்' என்பது ஒரு நாள் வேலை. 'என்ரோல்' என்பது படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அந்த கிளினிக்கின் பட்டியலில் சேர்வது. சேராதவர் கேஷுவல் பேஷண்ட், ஒவ்வொரு முறையும் கூடுதல் கட்டணம். வருஷக்கணக்காக அதே டாக்டரிடம் போகிறோம், நம்மை எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டு, கேஷுவல் கட்டணமே கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. போனை எடுங்கள், "ஆம் ஐ என்ரோல்டு வித் யூ?" என்று கேளுங்கள். 'ரெஜிஸ்டர்டு' என்று அந்தப் பக்கம் பதில் வந்தால், கேள்வியை மறுபடியும் 'என்ரோல்டு' போட்டே கேளுங்கள்.